சிகாகோ நகரத்துத் தெருக்கூட்டங்கள்

ஓர் இளைஞன் தீநெறியிற் செல்வானாயின் அவன் பிறந்த குடியைப் பழித்தல் உலகெங்கும் காணப்படும் வழக்கம். எளிதிற் கூறத்தக்க விடையாதலின் அதனைப் பலரும் விரும்புவர். அவ்விடை பொருந்துமோ என்பதை அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள சிகாகோ நகரத்தின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

1850-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 30,000 மக்கள் வாழ்ந்த அந்நகரம் 1890-இல் பத்து இலட்சத்தையும் 1910-இல் இருபது இலட்சத்தையும் கடந்தது. இருப்புப்பாதைகளும் எஃகாலைகளும், 1865-இல் திறக்கப்பெற்ற பெருங் கால்நடைச் சந்தையும் கூலியாட்களை இடையறாது ஈர்த்தன. அயர்லாந்து, ஜெர்மனி, போலந்து, இத்தாலி முதலிய நாடுகளினின்று வந்த வறியோர் வாடகை குறைந்த இடங்களிற் குடிபுகுந்தனர். அவை நகர நடுவிலுள்ள கடைவீதிகட்கும் வசதியுடையோர் வாழும் பகுதிகட்கும் இடையே, ஆலைப்புகை சூழக் கிடந்தன. சிற்றறையிற் பலர் நெருங்கி வாழுமிடத்துச் சிறுவர்க்குத் தெருவேயன்றி முற்றம் ஏது?

அத்தெருக்களிற் கூடிய கூட்டங்களைப் பல்லாண்டு ஆராய்ந்த பிரெடெரிக் திராஷர் என்னும் அறிஞர், 1927-இல் வெளியிட்ட தம் நூலில் 1,313 கூட்டங்களைக் கணக்கிட்டுள்ளார். அவை பெரும்பாலும் குற்றஞ் செய்தற்கென்று தோன்றியன அல்ல, விளையாட்டினின்று தோன்றியன. அடுத்த தெருச் சிறுவர் எதிர்த்தபோதும் காவலர் துரத்தியபோதும் ஒன்றுபட்டு நின்றனர். நின்றபின் ஒரு பெயரும் தலைவனும் எல்லையும் உளவாயின. பள்ளிச்சிறுவரோடு நாடோறும் பழகும் எமக்கு இது வியப்பன்று. பன்னிரண்டு வயதுச் சிறுவன், தன்னை ஒரு பொருளாக மதிக்கும் இடம் எதுவோ அதனையே நாடுவான். வீடும் பள்ளியும் அம்மதிப்பைத் தாராவிடின் தெரு தரும். திருட்டும் அடிதடியும் பின்னர் வந்து சேர்வன.

நிற்க. குடிப்பிறப்பே காரணம் என்பார் கூற்றை, கிளிபர்டு ஷா, ஹென்றி மெக்கே என்னும் இருவர் 1942-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தகர்த்தது. சிறார்க்கென்று தனி நீதிமன்றம் அந்நாட்டில் முதன்முதல் ஏற்பட்டது அந்நகரத்திலேதான், ஆண்டு 1899. அதன் பதிவுகளை அவர்கள் பகுதிபகுதியாக ஒப்புநோக்கினர். 1900-ஐ அடுத்த ஆண்டுகளிற் குற்றம் மிகுந்திருந்த பகுதிகளிலேயே முப்பதாண்டு கழிந்த பின்னும் மிகுந்திருந்தது. ஆனால் அங்கு வாழ்ந்தோர் வேறு. அயர்லாந்தியரும் ஜெர்மானியரும் வெளியேறப் போலந்தியரும் இத்தாலியரும் புகுந்திருந்தனர். வெளியேறிய குடிகளின் பிள்ளைகளிடத்துக் குற்றம் குறைந்தது. குருதியே காரணமாயின், குற்றமும் அக்குடிகளோடன்றோ சென்றிருத்தல் வேண்டும்?

பெரியோர் செய்த தீமையும் ஒன்றுண்டு. அரசியல்வாதிகள் சிலர் இக்கூட்டங்கட்குத் தேகப்பயிற்சிச் சங்கம் என்று பெயர் சூட்டி, இடமும் பொருளும் உதவித் தேர்தல் வேலைக்குப் பயன்படுத்தினர். பிராங்க் ரேகன் என்பவர் ஆதரித்த சங்கம் அவற்றுட் பேர்போனது. 1919 ஜூலை 27-ஆம் நாள், மிச்சிகன் ஏரியில் நீந்திய கறுப்பினச் சிறுவன் ஒருவன், வெள்ளையர் கல்லெறிய நீரில் மூழ்கி இறந்தான். அதனால் மூண்ட கலகத்தில் 38 பேர் மாண்டனர்; 500-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இதனை ஆராய்ந்த குழு 1922-இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய சங்கங்களின்மேற் பெரும்பழி சுமத்தியது.

ஆயினும் அயர்லாந்தியச் சிறுவர்க்குத் தெருவினின்று வெளியேற வழியிருந்தது; காவற்படையும் நகராட்சி வேலைகளும் அவர்கட்குத் திறந்திருந்தன. ஹாம்பர்க் என்னும் சங்கத்திற்கு 1924-இல் தலைவரான ரிச்சர்டு டேலி, 1955 முதல் 1976-இல் இறக்குந்துணையும் அந்நகர மேயராய் விளங்கினார். தென்மாநிலங்களினின்று வந்த கறுப்பினத்தார்க்கு அவ்வழியில்லை. அவர்கட்கு வீடு விற்பதில்லை என்று வெள்ளையர் தம்முள் ஒப்பந்தப் பத்திரம் எழுதிக்கொண்டனர். அவற்றை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இலேதான். பின்னர்க் கால்நடைச் சந்தை 1971-இல் மூடப்பட்டது. ஒருகாலத்தில் ஏறக்குறைய 20,000 பேர் உழைத்த தென்புறத்து எஃகாலை 1992-இல் மூடப்பட்டது. முன்னெல்லாம் இளைஞர் பலர், வேலை கிடைத்து மணமும் முடிந்தால், கூட்டத்தைத் தாமே விட்டு நீங்குவர். ஆலை மூடிய பின்னர், இருபது வயதிலும் முப்பது வயதிலும் அதிலேயே தங்கிவிட்டோர் பலர்.