செங்கல் குழியில் எண்ணிய பனியுகங்கள்

பனியுகம் மொத்தம் நான்கு. ரொம்ப காலம் பாடப்புத்தகங்கள் அப்படித்தான் சொல்லின. ஆல்ப்ஸ் அடிவாரத்து ஆற்றுப் படிமேடைகளை வைத்து பெங்க், ப்ரூக்னர் என்ற இருவர் 1909-க்குள் போட்ட கணக்கு அது. குன்ஸ், மிண்டல், ரிஸ், வுர்ம் என்று ஆறுகளின் பெயரையே வைத்தார்கள்.

அதை ஆட்டிவைத்த இடங்களில் ஒன்று, செக் நாட்டில் பிர்னோ நகரத்துச் செங்கல் சூளைக்காரர்கள் தோண்டிய குழி. செர்வெனி கோபெட்ஸ் என்று பெயர். அவர்கள் மொழியில் செங்குன்று. வெட்டிய சுவரில் வெளிர்மஞ்சளும் செம்பழுப்பும் மாறி மாறிப் பட்டை பட்டையாகத் தெரியும். மஞ்சள், பனியுகத்தில் காற்று கொட்டிய புழுதி. குளிர் விலகினால் புழுதி வரத்து நிற்கும், காடு வளரும். வேரும் மழையும் அதே புழுதியை மண்ணாக்கும். அதிலுள்ள இரும்பு துருவேறிச் சிவக்கும். மறுபடி குளிர் வந்தால் அந்த மண் அப்படியே புதைந்துபோகும்.

நிறம் மட்டும் போதுமான்னு கேட்கலாம். நத்தை ஓடும் இருக்கே! காட்டு மண்ணில் காட்டு நத்தை, புழுதியில் குளிர் தாங்கும் பொடி நத்தை. (எனக்குப் பிடித்த சாட்சி இதுதான்.)

செக் ஆய்வாளர் ஜார்ஜ் குக்லா இந்தப் பட்டைகளை எண்ணினார். பூமியின் காந்தத் திசை கடைசியாகப் புரண்டது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்; அதன் தடமும் இந்த அடுக்குகளில் இருக்கு. அதற்குப் பிறகு மட்டுமே எட்டுச் சுழற்சிகள். ஆழ்கடல் சேற்றிலும் ஏறக்குறைய அதே கணக்கு.

அப்போ நான்கு எப்படி வந்தது? ஆறு தன் பழைய படியைத் தானே அரித்துவிடும். பாதிப் பக்கம் கிழிந்த நோட்டு மாதிரி. புழுதி பெரும்பாலும் மேலே மேலேதான் விழும்.

1977-ல் குக்லா அந்த நான்கு பெயர்களையே விட்டுவிடலாம்னு எழுதினார். ஆனாலும் வுர்ம் என்ற பெயர் ஆல்ப்ஸ் பக்கம் இன்னமும் புழக்கத்தில் இருக்கிறது.