தம்தரியில் ஒரு மெனோனைட் நிலையம்

ராய்ப்பூருக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது தம்தரி. அரிசி வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு அவ்வூர் மண்டியும் ஆலைகளும் நன்றாகத் தெரியும். ஆனால் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவமனையை யார் தொடங்கினார்கள் என்று கேட்டால், "யாரோ வெள்ளைக்காரப் பாதிரிங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த மெனோனைட் சபையார். கத்தோலிக்கக் குருவாக இருந்து 1536-இல் விலகிய டச்சுக்காரர் மென்னோ சைமன்ஸ் பெயரால் வழங்குவது இச்சபை. ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, விவரம் அறிந்த வயதில்தான் ஞானஸ்நானம் என்பவை இவர்களுடைய கொள்கைகள். இதற்காகவே துன்புறுத்தப்பட்டு நாடு விட்டு நாடு ஓடியவர்கள். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமணனாகிய எனக்கு இவர்கள்மேல் ஆர்வம் பிறந்ததில் வியப்பில்லை.

1897 பஞ்சத்தின்போது நிவாரணப் பணிக்காக இங்கு வந்த ஜார்ஜ் லாம்பர்ட், ஊர் திரும்பித் தாம் கண்ட கொடுமைகளை எழுதினார். 1899 மார்ச்சில் ஜேக்கப் ரெஸ்லரும், டாக்டர் வில்லியம் பேஜும் அவர் மனைவி ஆலிஸும் பம்பாயில் இறங்கினார்கள். அவ்வாண்டின் இறுதியில் தம்தரி சேர்ந்தார்கள். வந்த வேளையில் மழை பொய்த்து அடுத்த பெரும் பஞ்சம் தொடங்கிவிட்டது. விக்கிரம ஆண்டு 1956-இல் வந்ததால் வடநாட்டார் அதை 'சப்பனியா' என்பார்கள். பிரசங்கம் செய்ய வந்தவர்கள் முதலில் கஞ்சி ஊற்ற வேண்டியதாயிற்று.

அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்று தானம் நான்கு என்பது எங்கள் மரபு. பசித்தவருக்கு உணவு, அநாதைப் பிள்ளைகளுக்கு விடுதி, தொழுநோயாளருக்கு இல்லமும் பின்னர் மருத்துவமனையும், பள்ளிக்கூடம் என நான்கும் தம்தரியில் நடந்தன.

"மதம் மாத்தத்தானே செஞ்சாங்க?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். விடுதியில் வளர்ந்த பிள்ளைகள் பலர் கிறிஸ்தவர்களானார்கள். பயன் கருதிக் கொடுப்பது தானத்துக்குக் குறை என்றே நானும் சொல்வேன். அவர்கள் கொள்கையை வைத்தே இன்னொன்றும் கேட்கலாம்: விவரம் அறிந்து ஏற்பதே விசுவாசம் என்றால், கஞ்சிக்கு வந்த குழந்தைக்கு அந்தச் சுதந்திரம் எவ்வளவு இருந்திருக்கும்?

1906-இல் பலோத்கஹன் என்ற கிராமத்தையே மிஷன் விலைக்கு வாங்கியது. கிறிஸ்தவர்களான குடும்பங்களுக்கு நிலம் வேண்டும் என்பது நோக்கம். ஆனால் கிராமத்தை வாங்கியவர் அக்கால முறைப்படி அதன் மால்குஜார், அதாவது குடிகளிடம் வாரம் வசூலித்து அரசுக்கு வரி கட்டும் நிலச்சொந்தக்காரர். சேவை செய்ய வந்தவர்கள் எஜமானர்களும் ஆனார்கள்! இந்த முரண்பாட்டை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

அதே நேரத்தில் என் தொழிலையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டும். பஞ்சத்தில் தானியத்தை இருப்பு வைத்து, விலை ஏறியதும் விற்று லாபம் பார்த்தவர்கள் தானிய வியாபாரிகள்தானே? கொடுத்தவன் நோக்கத்தை எடை போடும் முன், கொடுக்காதவன் தராசையும் கொஞ்சம் பார்க்கணும்.

1952-இல் சபைப் பொறுப்பு இந்தியர் கைக்கு வந்தது. மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அடுத்த முறை மண்டிக்குப் போகிறவர்கள் அதன் வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள்.