ஸ்டம்புக்குப் பின்னால் ஒரு கணக்கு

நான் படித்த இடைநிலைப் பள்ளியில் கிரிக்கெட் குழு என்று ஒன்று இருந்ததே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. காற்பந்துக்கும் ஹாக்கிக்கும் போக மிச்சமிருந்த திடலின் மூலையில் பாய் விரித்து விளையாடுவோம். நான்தான் விக்கெட் கீப்பர். நான்காம் படிவத்தில் என்னை எடுத்துவிட்டு இன்னொருவனைப் போட்டார்கள். அவன் பத்துப் பந்தில் மூன்றை விடுவான். ஆனால் சிக்சர் அடிப்பான். "பந்து புடிச்சா போதுமாடா? மட்டை புடிக்கவும் தெரியணும்ல" என்றார் பயிற்சி கொடுத்த சார். இரண்டு வாரம் அவர் இருக்கும் பக்கமே நான் போகவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் கிரிக்கெட்டின் ஆகச் சிறந்த கீப்பர் யார் என்ற கேள்வியில் நான் நடுநிலையான ஆள் இல்லை.

எண்களை மட்டும் பார்த்தால் விவாதமே வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர் 147 டெஸ்டில் 555 பேரை வெளியேற்றியிருக்கிறார். 532 கேட்ச், 23 ஸ்டம்பிங். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆடியது 54 டெஸ்ட்தான். அதில் ஸ்டம்பிங் மட்டும் 52. இன்றுவரை ஒருவரும் அதைத் தொடவில்லை. அவருக்குப் பந்து வீசியவர்கள் மெய்லி, கிரிம்மெட், ஓ'ரெய்லி என்று சுழலின் மகாராஜாக்கள். மேற்கிந்தியத் தீவுகளின் ஜெஃப் டுஜானுக்கு 81 டெஸ்டில் 5 ஸ்டம்பிங். அவருக்குக் கை வேகம் இல்லை என்று அர்த்தமா? மார்ஷலும் ஹோல்டிங்கும் வீசும்போது அவர் நின்ற இடத்திலிருந்து ஸ்டம்ப் கண்ணுக்குத் தெரிந்ததே பெரிய விஷயம். கீப்பரின் கணக்கில் பாதி, பந்து வீசுபவரின் கணக்கு.

விட்ட பந்துகளோ இந்தக் கணக்கிலேயே வராது. கிரண் மோரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 ஜனவரி, சென்னை சேப்பாக்கம். முதல் டெஸ்ட் ஆடிய நரேந்திர ஹிர்வானி 16 விக்கெட் எடுத்த அந்த ஆட்டத்தில் மோரே 6 ஸ்டம்பிங் செய்தார். ஒரே டெஸ்டில் அத்தனை செய்தவர் அதற்கு முன் யாரும் கிடையாது. இரண்டரை வருடம் கழித்து, லார்ட்ஸில், சஞ்சீவ் ஷர்மாவின் பந்து கிரகாம் கூச்சின் மட்டை விளிம்பில் பட்டு அதே மோரேயின் கைக்கு வந்தது. நழுவவிட்டார். அப்போது கூச் 36. கடைசியில் 333. ஸ்கோர் அட்டையில் கூச்சின் 333 இருக்கிறது, அவரை பௌல்டாக்கிய பிரபாகரின் பெயர் இருக்கிறது. 297 ஓட்டத்தின் விலை கொண்ட அந்த ஒரு நொடிக்கு அதில் இடம் இல்லை. கீப்பருக்கென்று ஸ்கோர் அட்டையில் தனியாக இருப்பது 'பை' என்கிற ஒரு வரி. அதுவும் குற்றப்பத்திரிகை.

அதனால்தான் தேர்வாளர்கள் மட்டையைப் பார்க்கிறார்கள். தராசின் ஒரு தட்டில் மட்டும் எண் இருந்தால் எந்தத் தட்டு இறங்கும்? கில்கிறிஸ்டின் சராசரி 47.60, சதம் 17. என் நண்பர்கள் பலருக்கு அவரோடு பேச்சு முடிந்துவிடும். கில்கிறிஸ்ட் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஷேன் வார்னுக்கு வருடக்கணக்கில் கீப்பிங் செய்தவரைச் சும்மா சொல்ல முடியாது. ஆனால் ஏழாவதாக இறங்கி ஆட்டத்தைப் புரட்டியவர்களில் சிறந்தவர் யார் என்பது வேறு கேள்வி.

என் கேள்விக்கு இரண்டே பேர்தான். ஒரே காலத்தவர்கள், ஒரே நாட்டவர்கள்: கென்ட்டின் ஆலன் நாட், டெர்பிஷயரின் பாப் டெய்லர். (நாட் என்ற பெயரோடு வேற்றுமை உருபைச் சேர்த்தால் தேசம் ஆகிவிடுகிறது. இனி ஆலன் என்றே எழுதுகிறேன்.) ஆலனின் டெஸ்ட் சராசரி 32.75, சதம் 5. டெய்லரின் சராசரி 16.28. கிட்டத்தட்டப் பாதி. டெய்லர் 1971இல் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்த டெஸ்ட் 1977 கடைசியில், லாகூரில். இடைப்பட்ட காலத்தில் ஆலன் தொடர்ந்து 65 டெஸ்ட் ஆடினார். கடைசியில் வழிவிட்டதும் தேர்வாளர்கள் இல்லை. கெர்ரி பேக்கர் தன் தனிப் போட்டிக்கு ஆலனை விலைக்கு வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அப்போது டெய்லருக்கு வயது 36. முதல்தர ஆட்டங்களில் அவர் வெளியேற்றியவர்கள் 1,649 பேர். அதை இன்னும் யாரும் தாண்டவில்லை.

1980இல் பம்பாயில் நடந்த பொன்விழா டெஸ்டில் டெய்லர் 10 கேட்ச் பிடித்தார். அன்றைக்கு அது உலக சாதனை. அதே ஆட்டத்தில் இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 58 என்று தத்தளித்த பிறகு ஒரு கட்டத்தில் நடுவர் அவருக்கு அவுட் கொடுத்தார். பந்து மட்டையில் படவில்லை என்று ஸ்லிப்பில் நின்ற இந்திய அணித்தலைவர் விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டம் எடுத்தார்கள். இந்தியா தோற்றது.

பல வருடம் டெய்லர்தான் என் பதில். ஏனென்று உங்களுக்கே தெரியும்: நான்காம் படிவம். பிறகு பழைய காணொளிகளை உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். டெரிக் அண்டர்வுட் சுழல் வீச்சாளர் என்பார்கள். வேகமோ கிட்டத்தட்ட மிதவேகம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆடுகளத்தை மூட மாட்டார்கள். மழை நனைத்த மண்ணில் ஒரு பந்து நெஞ்சுக்கு எழும்பும், அடுத்தது கணுக்காலுக்குத் தவழும். ஆலன் பின்னால் தள்ளி நிற்கவில்லை, ஸ்டம்பை ஒட்டி நின்றார். மட்டையாளரின் உடம்பு மறைப்பதால் கடைசிக் கணத்தில்தான் பந்து தெரியும். அவருடைய கைகளில் மட்டும் அவசரமே இருக்காது. 1968 ஓவல் டெஸ்டில், பார்வையாளர்களும் சேர்ந்து தண்ணீரை வழித்த திடலில், அண்டர்வுட் 50 ஓட்டத்துக்கு 7 விக்கெட் எடுத்து, ஆறு நிமிடம் மிச்சம் இருக்க ஜெயிக்க வைத்தாரே, அன்றும் ஸ்டம்புக்குப் பின்னால் ஆலன்தான். 95 டெஸ்டில் அவருக்கு ஸ்டம்பிங் 19தான். அண்டர்வுட்டின் வேகத்துக்கு யார் கோட்டைத் தாண்டி இறங்கி வருவார்கள்?

ஒரு ஓட்டம்கூட எடுக்காதவராக இருந்தாலும் நான் ஆலனைத்தான் சொல்வேன். இப்படிச் சொல்ல எனக்கு இருபது வருடம் ஆனது. டெய்லரை உட்கார வைத்தவர்கள் தப்பான காரணத்துக்காகச் சரியான ஆளை ஆட வைத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் நேரில் பார்த்திருக்க மாட்டோமா என்று ஏங்குவது வேறொரு நாளுக்காக. 1986 ஜூலை, லார்ட்ஸ், நியூசிலாந்துடன் டெஸ்ட். ஹாட்லியின் பந்து இங்கிலாந்துக் கீப்பர் புரூஸ் பிரெஞ்சின் தலையில் பட்டுவிட்டது. பில் ஆதி கொஞ்ச நேரம் கையுறை மாட்டிச் சமாளித்தார். டெய்லர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது, வயது 45. ஸ்பான்சர் நிறுவனத்தின் கூடாரத்தில் விருந்தினர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டார்கள். நியூசிலாந்து அணித்தலைவர் ஜெரமி கோனி சரி என்றார். டெய்லர் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்டம்புக்குப் பின்னால் போய்க் குனிந்தார். ஹாம்ப்ஷயரிலிருந்து பாபி பார்க்ஸ் வந்து சேரும் வரை இங்கிலாந்தின் கீப்பர் அவர்தான். அந்த டெஸ்டின் பதினொருவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.