தரிசைத் திருத்தியோரும் நிலவுரிமையும்

செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பர். ஆயினும் ஏரிநீர் எட்டாத மேட்டுப் புன்செய்கள், வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் வெடித்துக் கிடக்கும். அம்மண்ணில் கேழ்வரகும் வரகும் விளைவித்தவர் நம் முன்னோர். பலனைக் கொண்டவரோ மிராசுதாரர்.

தரிசு நிலம் வேண்டி நம்மவர் மனுச் செய்யினும், அதனை முதலிற் பெறும் உரிமை மிராசுதாரருக்கே இருந்தது. குடியிருந்த மனையும் அவருடையதாகவே, எதிர்த்தவர் வீட்டையும் இழக்க நேர்ந்தது.

இந்நிலையை விளக்கி, அம்மாவட்டக் கலெக்டராகப் பணியாற்றிய திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை விடுத்தார். அதன் பயனாக 1892இல் வருவாய்த்துறை ஆணை எண் 1010 பிறந்தது. சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டதென்பர். முதல் 10 ஆண்டுகள் விற்றல் கூடாது. பின்னரும் இம்மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்பது செல்லாது. இந்நிபந்தனையே பஞ்சமி நிலத்திற்கு உயிர்நிலை.

எனினும் வறட்சியும் கடனும் நெருக்கியபோது, எழுத்தறியாதாரின் கைநாட்டைப் பெற்று நிலத்தைக் கவர்ந்தனர் பிறர். காரணை நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் திரண்டோர் மீது போலீசார் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர்நீத்தனர்.

கைநாட்டால் இழந்ததைக் கல்வியாலன்றி மீட்டல் அரிது. ஆதலின் நம் பிள்ளைகள் தத்தம் ஊரின் 'அ' பதிவேட்டைத் தாமே படித்துப் பார்த்தல் வேண்டும். நாம் நடத்தும் கல்விப் பணியின் பயன்களுள் இதுவும் ஒன்றாகுக.