கழுத்தை மறந்த கவசம்

மோட்டார் பந்தயப் பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் தலைக்கவசத்தின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் தலைக்கவசம் 1952-இல் கட்டாயமாயிற்று. 1968-இல் டான் கர்னி முகம் முழுவதையும் மூடும் கவசத்துடன் களமிறங்கினார். 1970களில் இருக்கை வார்களும் கட்டாயமாயின. இவை பல உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டும் இணைந்தபோது வேறொரு மரணத்துக்கு வழி திறந்தது.

கார் சுவரில் மோதும் கணத்தில் வார்கள் உடலை இருக்கையோடு பிணைத்து நிறுத்துகின்றன. கவசத்தின் எடையையும் சுமந்த தலையோ முன்னோக்கிப் பாய்கிறது. அதைத் தடுத்து நிறுத்தக் கழுத்தையன்றி வேறெதுவுமில்லை. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. கவசத்தில் கீறல் விழாமலே ஓட்டுநர் இறக்கக்கூடும்.

1981-இல் பிரெஞ்சு ஓட்டுநர் பாட்ரிக் ஜாக்மார் அமெரிக்காவின் மிட்-ஒஹாயோ களத்தில் இத்தகைய காயத்தால் இறந்தார். அவருடைய நண்பரும் ஓட்டுநருமான ஜிம் டவுனிங், தம் மைத்துனர் ராபர்ட் ஹப்பர்டிடம் தீர்வு தேடினார். ஹப்பர்ட், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரியந்திரவியல் பேராசிரியர். அவர் வடித்த கருவி தோள்மீது அமரும் ஒரு கழுத்துப்பட்டை. தோள்வார்கள் அதனை அழுத்திப் பிடிக்கும். இரு நாடாக்கள் அதனைத் தலைக்கவசத்தோடு இணைக்கும். இதனால் தலையும் உடலும் ஒன்றாகவே வேகமிழக்கும். ஜெர்மானியப் பெயர்போல் ஒலிக்கும் ‘ஹான்ஸ்’, தலைக்கும் கழுத்துக்குமான தாங்கல் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கமே.

தயாரிக்க முன்வருவோர் இல்லாமையால் 1991-இல் இருவரும் தாமே நிறுவனம் தொடங்கினர். வாங்குவோர் மிகச் சிலரே. அணிவது இடைஞ்சல் என்று ஓட்டுநர்கள் கருதினர். 1994-இல் இமோலாவில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்த பின்னரே ஃபார்முலா ஒன் விழித்தது. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்துக்கோ, 2001 பிப்ரவரியில் டேல் எர்ன்ஹார்ட் என்னும் பெருவீரரின் சாவு தேவைப்பட்டது. அறிவு முந்தியது, விதி இருபதாண்டுகள் பிந்தியது.

தமிழகத்தின் பந்தய மரபு இக்காலத்தோடு பின்னியது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்தியது; 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் எழுந்தது. அதாவது சோழவரத்தின் புகழ்மிக்க பருவம் முழுவதும், உலகெங்கும் போலவே, கழுத்து காப்பற்றுக் கிடந்த பருவம். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2001-இல் ஜாகுவார் காரைச் சோதித்து ஓட்டியபோது ஹான்ஸ் கட்டாயமில்லை. 2003-இல் ஃபார்முலா ஒன் அதைக் கட்டாயமாக்கியது. 2005-இல் ஜோர்டன் அணிக்காக அவர் ஓட்டியபோது அது அவர் தோளில் இருந்தது. அவ்வாண்டு ஷாங்காயில் அவர் கார் தடுப்புச்சுவரில் மோதிச் சிதைந்தும் அவர் தப்பினார். அப்பெருமையில் கார்பன் இழைக் கூட்டுக்கும் பங்குண்டு.

சோழவரத்தில் கார்கள் மட்டும் ஓடவில்லை. மைசூரின் ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவான மோட்டார்சைக்கிள்களும் சீறின. அவற்றை ஓட்டுவோருக்கு ஹான்ஸால் பயனில்லை. பிடித்து நிறுத்தும் தோள்வார் அவர்களுக்கு இல்லை. மோட்டோஜிபி 2018-இல் கட்டாயமாக்கிய காற்றுப்பை உடையும் முதன்மையாகத் தோளையும் காறையெலும்பையுமே காக்கிறது.