ரொம்ப நேரம்னா எவ்வளவு நேரம்?

கேத்தி பக்கம் தேயிலைத் தோட்டங்களைப் பார்த்திருக்கீங்களா? சுத்தி எல்லாம் பச்சையா இருக்கும், நடுவுல ஒரு சரிவு மட்டும் இலையே இல்லாம குச்சி குச்சியா நிக்கும். காய்ஞ்சு போகல, கவாத்து பண்ணியிருக்காங்க. வருஷக்கணக்கா கொழுந்து கிள்ளின செடி தளர்ந்துடும். அதனால நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டி விடுவாங்க. வெட்டின இடத்துல கொஞ்ச மாசத்துக்கு வருமானம் கிடையாது. அதான் மொத்தத் தோட்டத்தையும் ஒரே நேரத்துல வெட்டாம, பகுதி பகுதியா வெட்டுறாங்க.

இன்னைக்குப் பேசப்போறது சர்வரைப் பத்தி. ஆனா கணக்கு கிட்டத்தட்ட இதேதான்.

சாஃப்ட்வேர் துருப்பிடிக்காது. ஆனா நிறுத்தாம ஓடினா தளரும். எடுத்த மெமரியைத் திருப்பித் தராது, துளித் துளிப் பிழைகள் சேரும். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவுல தஹ்ரான் நகரம். அமெரிக்காவோட பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஒண்ணு சுமார் 100 மணி நேரமா ஓடிக்கிட்டிருந்தது. பத்தில் ஒரு விநாடியை பைனரியில துல்லியமா எழுத முடியாது. அந்தச் சின்னப் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 விநாடி ஆயிடுச்சு. பாய்ஞ்சு வந்த ஸ்கட் ஏவுகணையை அது தப்பான இடத்துல தேடிச்சு. 28 வீரர்கள் இறந்தாங்க. ஒரு ரீஸ்டார்ட் போதும், கடிகாரம் சரியாயிருக்கும். ரொம்ப நேரம் ஓட்டினா சிக்கல்னு எச்சரிக்கையும் போயிருந்தது. எவ்வளவு நேரம்னு மட்டும் அதுல இல்ல.

அந்த 'எவ்வளவு'வைக் கணக்காக்கினது 1995-ல வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை. பெல் லேப்ஸின் யென்னுன் ஹுவாங், சந்திரா கிந்தலா குழு எழுதினது. சிஸ்டத்துக்கு நாலு நிலைன்னு வச்சாங்க: தெம்பா இருக்கு, தளர்ந்திருக்கு, விழுந்துடுச்சு, நாமே நிறுத்திப் புதுப்பிக்கிறோம். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு எவ்வளவு வேகமா போகுதுன்னு தெரிஞ்சா, வருஷத்துல எத்தனை மணி நேரம் சர்வர் கிடைக்காதுன்னு கணிக்கலாம்.

ஒரு பேச்சுக்கு, தானா விழுந்தா எழுப்ப 3 மணி நேரம், வருஷத்துக்கு ரெண்டு தடவை விழுது. மொத்தம் 6 மணி நேரம். வாரா வாரம் 5 நிமிஷம் நிறுத்தி அதைத் தடுத்துட்டா, 4 மணி 20 நிமிஷம்தான் போகும். லாபம். பயந்துக்கிட்டு தினமும் நிறுத்தினா? 30 மணி நேரம் காலி! "எதுக்கும் ஒரு ரீஸ்டார்ட் போட்டுடு"ங்கற நம்ம ஐடி வைத்தியத்துக்கும் ஒரு அளவு இருக்கு.

அப்புறம் விர்ச்சுவலைசேஷன் வந்தது. ஒரே பெட்டிக்குள்ள பத்து விர்ச்சுவல் மெஷின், அடியில எல்லாத்தையும் தாங்குற ஹைப்பர்வைசர். அதுவும் தளரும். அதை நிறுத்தினா மேல இருக்கற பத்தும் நிக்கும். 2007-ல ஜப்பானின் கென்இச்சி கோராய், ஷிகெரு சிபா ஒரு வழி சொன்னாங்க: மெஷின்களை மெமரியிலேயே உறைய வச்சு, ஹைப்பர்வைசரை மட்டும் புதுப்பிச்சு, திரும்ப எழுப்பறது.

2010-ல ஃபுமியோ மச்சிடா, டாங் சியோங் கிம், ஐஐடி பம்பாயில படிச்ச கிஷோர் திரிவேதி மூணு பேரும் மூணு வழிகளை மாடல் பண்ணி ஒப்பிட்டாங்க: எல்லாத்தையும் அணைக்கறது, உறைய வைக்கறது, ஓடிக்கிட்டிருக்கும்போதே வேற பெட்டிக்கு மாத்தறது. உறைய வைக்கறதுதான் எப்பவும் அணைக்கறதை ஜெயிக்கும்னு தோணும் இல்லையா? இல்ல. அணைச்சா மெஷினும் சேர்ந்து சுத்தமாகும். உறைஞ்சது பழைய தளர்ச்சியோடயே எழுந்திருக்கும். எவ்வளவு இடைவெளியில செய்யறோம்ங்கறதைப் பொறுத்து முடிவு மாறுது. மூணுல முந்தினது இடம் மாத்தறதுதான். ஆனா மாத்தறது வேகமா நடக்கணும், பக்கத்துப் பெட்டியில இடமும் காலியா இருக்கணும்.