பாடசாலைப் பேருந்தின் சிவப்புக் கை: காற்று அதை எப்படி விரிக்கிறது?

கனடாவின் ஸ்காபரோவில் நான் பாடசாலைப் பேருந்து ஓட்டுகிறேன். வன்னியில் உழவு இயந்திரம் ஓட்டிய ஆள் நான். அண்மையில் ஊரிலிருந்து அக்காவின் மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, பஸ்ஸின் பக்கத்தில் தானாக விரிகிற சிவப்புப் பலகைக்குள் மோட்டரா இருக்கு?" அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

எங்கள் பேருந்தில் பிணைச்சலில் திரும்பும் கைகள் இரண்டு உண்டு. ஒன்று, சாரதியின் பக்கத்தில் விரியும் எண்கோண 'நில்' பலகை. மற்றையது, முன் பம்பரின் வலது மூலையிலிருந்து முன்னோக்கி நீளும் தடி. பேருந்தின் மூக்கோடு ஒட்டி நடக்கும் சின்னப் பிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. தடி நீண்டிருந்தால் பிள்ளை அதைச் சுற்றி, ஏறத்தாழ 3 மீற்றர் முன்னால் நடக்கவேண்டி வரும். அப்போது எனக்குத் தெரியும்.

காற்று பிறேக் உள்ள பேருந்தில் இயந்திரத்தோடு சுழலும் கொம்பிறசர், தாங்கிகளில் காற்றை அடைக்கிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 125 இறாத்தல் வரை. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் கைக்குப் போகிறது. வழியில் முதலில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. தாங்கியில் அழுத்தம் குறைந்தால் அது கைக்குப் போகும் காற்றை நிறுத்திவிடும். மிச்சக் காற்று பிறேக்குக்கே. அடுத்தது அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. அதன் பின் மின்காந்த வால்வு. நான் சிவப்பு விளக்கைப் போட்டதும் அது திறக்கும், காற்று உருளைக்குள் புகுந்து பிஸ்ரனைத் தள்ளும், கை விரியும். அணைத்தால் காற்று 'உஸ்' என்று வெளியேற, சுருள்வில் கையை மடக்கும்.

ஒரு கணக்கு. 1 அங்குல விட்டமுள்ள பிஸ்ரனில் 60 இறாத்தல் அழுத்தம் ஏறத்தாழ 47 இறாத்தல் விசையைத் தரும். அது பிணைச்சலிலிருந்து 1 அங்குலத்தில் தள்ளினால், 10 அங்குலம் தள்ளியிருக்கும் பலகையின் நடுவில் 5 இறாத்தல்கூடத் தேறாது. பலத்த காற்றே அதை அசைக்கும். அந்தக் கை காரை மறிக்காது. மறிக்கும்படி சொல்ல மட்டுமே செய்யும்.

பழைய பெற்றோல் பேருந்துகளில் இயந்திரம் உறிஞ்சும் வெற்றிடத்தாலும் இந்தக் கை இயங்கியது. டீசல் இயந்திரத்தில் அந்த வெற்றிடம் இல்லை. இப்போது மின்மோட்டரால் இயங்கும் கைகளும் பல உண்டு.

காற்றுக்குப் பகை ஈரம். ஒரு தை மாதக் காலை, புறப்படமுன் பார்த்தபோது கை ஒழுங்காக விரிந்தது. மூன்றாவது தரிப்பிடத்தில் விரியவில்லை. குழாய்க்குள் நீர் உறைந்திருந்தது பின்னர்தான் தெரிந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறுமி நின்றாள். 'நில்' என்று உள்ளங்கையைக் காட்டினேன். சிவப்பு விளக்குகள் மின்னியபடியே இருந்தன. ஆனாலும் ஒரு கார் நிற்காமல் பறந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் நின்றதைக் கண்ட பிறகே அவளைக் கூப்பிட்டேன்.

ஒன்ராறியோவில் அப்படிக் கடந்தால் முதல் தடவைக்கே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், 6 குற்றப்புள்ளிகள். பின்னால் வருபவர் 20 மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். சட்டம் இவ்வளவு இருந்தும் அந்தக் கார் நிற்கவில்லை.

மருமகனின் பாடசாலை ஏ9 வீதியோரம். அங்கே அவன் இறங்கும் பஸ்ஸுக்குச் சிவப்புக் கை இல்லை. அவனுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் ஒருநாளும் குறுக்கே போகாதே. முந்திக்கொண்டு வருபவனுக்கு நீ தெரியமாட்டாய், உனக்கும் அவன் தெரியமாட்டான். பஸ் போகட்டும். வீதி இரண்டு பக்கமும் தெரிந்த பிறகு கடந்து போ.